இருநூற்று முப்பத்தேழு மணித்தியாலம்

டொக்டர் றொக்சன் வியாகுலம் மாட்டு வைத்தியர். நாற்பத்திரண்டு வயது. லிந்துலைக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்துக்கும் மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, பேராதனையில் படித்து, அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்தவர். படித்தவர்கள் திரும்பி வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விசயம். அதனால் முதல் ஆறு மாதம், பையன் பெயிலாகி வந்திருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு ஒருநாள், பின்னங்கால்கள் முன்னால் வந்து மாட்டிக்கொண்ட கன்றை உயிரோடு வெளியே எடுத்தார். பாஸ்தான் என்று முடிவானது.

சம்பளம் கொடுப்பது பசுந்துளி பால் கம்பனி. நான்கு தோட்டங்களில், லயங்களுக்குப் பின்னால் தகரக் கூரைகளின் கீழ், முந்நூறு மாடுகள் கம்பனிக்குப் பால் கொடுத்தன. கம்பனி அவற்றுக்கு ஒரு வைத்தியரைக் கொடுத்தது. வைத்தியருக்கு ஒரு மோட்டார் சைக்கிளைக் கொடுத்தது. மோட்டார் சைக்கிளுக்கு எதையும் கொடுக்கவில்லை.

ஜனவரியில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உலகம் மாறிவிட்டதாம். மிருக வைத்தியர்களும் மாற வேண்டுமாம். வெளிநாட்டு இணையக் கல்விக்கூடம் ஒன்றில் கம்பனி எல்லா வைத்தியர்களையும் சேர்த்திருக்கிறது. டிசம்பர் முப்பத்தோராம் தேதிக்குள் முப்பது மணித்தியாலம் பாடம் கேட்டு முடிக்காதவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. கீழே கையெழுத்து: நிரஞ்சன், அறிவு வளர்ச்சி முகாமையாளர்.

றொக்சன் பாடங்களின் பட்டியலைப் பார்த்தார். பந்தயக் குதிரையின் முழங்கால். வீட்டில் வளர்க்கும் பல்லிக்குக் குளிர்காலத்தில் விளக்கு வைப்பது எப்படி. வீடு மாறும் பூனையின் மனக்கவலை. ஒட்டகத்தின் குளம்பு. ஆறடிக்கு எட்டடிக் கொட்டிலில், குழாயடிக்குப் பக்கத்தில், ஒரு நாளைக்கு ஐந்து போத்தல் பால் கறக்கிற மாடு பட்டியலில் இல்லை. அப்படி ஒரு மாடு இருப்பது கல்விக்கூடத்துக்குத் தெரியாது. அதனிடம் பால் வாங்கும் கம்பனிக்கும் நினைவில்லை.

பாடம் கேட்க சிக்னல் வேண்டும். அது அவருடைய குவார்ட்டர்சில் கிடையாது. திறந்த மலையை விட்டால், மேல் டிவிசன் பிள்ளைக்காம்பராவின் கிழக்கு ஜன்னலில் மட்டும் நன்றாக வரும். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. பிள்ளைகளைப் பார்ப்பவள் தனுஷிகா. உயர்தரம் படித்தவள். பரீட்சை முடிவு வந்த நாளிலிருந்து பதினான்கு பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கிறாள்.

போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்து, நவம்பர் வரைக்கும் றொக்சன் நாலரை மணித்தியாலம் கேட்டிருந்தார். சோம்பல் காரணம் இல்லை. பாடம் தொடங்கினால் எங்காவது ஒரு மாடு விழும். ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் ஒரு கேள்வி எழும்பும்: நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா? கீழே ஒரு பொத்தான்: ஆம். இல்லை என்பதற்குப் பொத்தான் வைக்கப்படவில்லை. இல்லாதவரால் அழுத்த முடியாது என்று யோசித்திருக்கிறார்கள். நாற்பது செக்கனுக்குள் அழுத்தாவிட்டால் அந்தப் பாடம் ஆரம்பத்திலிருந்து தொடங்கும். கடைசியில் கேள்வித்தாள். அறுபது புள்ளி எடுத்தால் பாஸ். எத்தனை தடவையும் எழுதலாம்.

பூனையின் மனக்கவலையை மூன்றாவது முறை முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, கீழ் டிவிசனிலிருந்து ஆள் வந்தது. றொக்சன் பையைத் தூக்கிக்கொண்டு, "தனு, இது கேட்டா ஒரு தட்டு தட்டிவிடு" என்று சொல்லிவிட்டு ஓடினார். அவர் செய்த தப்பு அவ்வளவுதான். மிச்சத்தைத் தோட்டம் செய்தது.

பகல் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்த லெட்சுமி ஜன்னலைப் பார்த்தாள்.

"என்னாடி, போனுக்கு முன்னாடி தவம் கெடக்குற?"

"டொக்டருக்கு மணித்தியாலம் பத்தலக்கா. முப்பது வேணுமாம். நாலரதான் இருக்கு. இல்லாட்டி தைக்கு முன்னாடியே வீட்டுக்குப் போகச் சொல்லிருவாங்களாம்."

"நாலரயா? அரப்பேருக்கும் காணாதேடி."

கொழுந்து எடுப்பவர்களுக்கு இது புதிதான கணக்கில்லை. நாளுக்கு இத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரைச் சம்பளம். மலையில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால், வயிற்றுப் பிள்ளைக்காரி என்றால், தராசுக்குப் போகும் வழியில் மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு பிடி அவள் சாக்கில் போடுவார்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை. சாக்கு நிறைந்தால் அவளுக்கு முழுப்பேர். தராசு கொழுந்தைத்தான் பார்க்கும், கையைப் பார்க்காது.

"பாஸ்வேர்ட சொல்லுடி" என்றாள் லெட்சுமி.

டொக்டர் அதைப் போனின் முதுகிலேயே ஒட்டி வைத்திருந்தார். அன்று பின்னேரத்துக்குள் அது பதினொரு பெண்களிடம் போய்விட்டது. மலையில் கழுத்தில் போனைத் தொங்கவிட்டுக்கொண்டு கொழுந்து எடுத்தார்கள். கேள்வி எழும்பியதும் விரல் போய்த் தட்டிவிட்டு அடுத்த செடிக்கு வந்தது. பச்சைக் கொழுந்தைப் பார்த்துக் கிள்ளத் தெரிந்த விரலுக்கு நாற்பது செக்கன் அதிகம். பாடம் ஆங்கிலம். அது அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. தோட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஆங்கிலத்தில்தான் ஏசியிருக்கிறார்கள், விளங்காமலே வேலை நடந்திருக்கிறது. கேள்வித்தாளைத் தனுஷிகா பார்த்துக்கொண்டாள். முதல் தடவை எல்லாவற்றுக்கும் ஏ. இரண்டாம் தடவை பி. எது சரி என்பதைப் பிள்ளைகளின் வரவுப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தாள். நாலைந்து பாடங்களுக்குப் பிறகு பார்த்து எழுதத் தேவைப்படவில்லை. கேட்டு விளங்கியே எழுதினாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

யார் எவ்வளவு போட்டது என்று யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. சாக்கில் இரண்டு பிடி போட்டவள் அதைச் சொல்லித் திரிவாளா?

டிசம்பர் இருபதாம் தேதி கல்விக்கூடம் கம்பனிக்கு வாழ்த்து அனுப்பியது. டொக்டர் றொக்சன் வியாகுலம் இருநூற்று முப்பத்தேழு மணித்தியாலம் கற்றிருக்கிறார். ஆசியாவிலேயே அவர்தான் முதலாம் ஆள்.

இருபத்தெட்டாம் தேதி நிரஞ்சன் நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி, வேன் பிடித்து, வெள்ளைச் சப்பாத்தோடு பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றார். கம்பனிக்கு வந்து நாலு வருடம். மாட்டை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது முதல் தடவை. மாடும் அவரை அப்படித்தான் பார்த்தது. றொக்சன் ஜன்னலடியில் அதன் மடியை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"டொக்டர்! இருநூத்தி முப்பத்தேழு! மத்த ரெண்டு டொக்டர்மாரும் முப்பத நொண்டி நொண்டி முடிச்சிருக்கினம். இந்தாங்க." ஒரு கடிதத்தை நீட்டினார்.

றொக்சன் கையைத் துடைத்துவிட்டு வாசித்தார். ஜனவரி இரண்டிலிருந்து அவர் கொழும்புத் தலைமையகத்தில் இணையக் கல்விப் பொறுப்பாளர். ஏசி அறை. மற்ற வைத்தியர்களுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மலையகத்தின் கள வைத்தியர் பதவி நீக்கப்படுகிறது. மாட்டுக்காரர்கள் இனிப் போனில் ஆலோசனை கேட்கலாம்.

"இந்த மாட்டையெல்லாம் யாரு பாக்குறது?"

"அதான் போன் இருக்கே."

"நான் இங்கயே இருக்கேன் மிஸ்டர் நிரஞ்சன். அந்த மணித்தியாலம் என்னோடது இல்ல."

"சும்மா அடக்கமாப் பேசாதீங்க."

"அடக்கமில்ல. எடுத்துப் பாருங்க. நவம்பர் பதினேழாந்தேதி நாப்பத்திமூணு மணித்தியாலம் படிச்சிருக்கேன். ஒரே நாள்ல."

நிரஞ்சன் போனை எடுத்துப் பார்த்தார். "சிஸ்டம் ஒண்டும் சொல்லேல்லயே" என்றார்.

பால் கொடுத்துக்கொண்டிருந்த லெட்சுமி உள்ளேயிருந்து கேட்டாள். "கூடிப்போச்சாங்க சார்? கூடிப்போனா கழிச்சிருங்க. எங்க கொழுந்துல சாக்குக்கு, தண்ணிக்குன்னு கழிக்கலையா?"

"கழிக்கிற வசதி இல்ல."

"கழிக்கத் தெரியாத தராசு இப்பதாங்க பாக்குறேன்."

தன் நிலைமை நிரஞ்சனுக்கு விளங்கத் தொடங்கியிருந்தது. உண்மையை எழுதினால் றொக்சனின் கணக்கு நாலரை. அவரை நிறுத்த வேண்டும். மூன்று வைத்தியர்களில் இரண்டு பேர்தான் பாஸ் என்று கொழும்புக்கு அறிக்கை போகும். நிரஞ்சனின் சொந்த ஒப்பந்தமும் நூற்றுக்கு நூறு என்ற இலக்கில்தான் நின்றது. உண்மையை எழுதாவிட்டால், ஒரே நாளில் நாற்பத்துமூன்று மணித்தியாலம் படித்த ஆளைக் கூட்டிக்கொண்டுபோய் முதலாளி முன்னால் நிறுத்த வேண்டும்.

"மூணு நாள் இருக்கு" என்றார் கடைசியில். "இருபத்தஞ்சர மணித்தியாலம் வேணும். புதுக் கணக்குத் திறந்து தாறன். நாலரய அதுல போடுறன். நான் பக்கத்துலயே இருப்பன். நீங்கதான் இருக்கோணும், நீங்கதான் அமத்தோணும். முப்பத்தோராந்தேதி நாலு மணிக்கு முப்பது இருந்தா இந்தக் கடிதத்தக் கிழிச்சிப் போடுறன். இங்கயே இருங்க. இல்லாட்டி நான் ஒண்டும் செய்யேலாது."

தனுஷிகா மனக்கணக்குப் போட்டாள். "நாளைக்கு எட்டர. ஏழரைக்கு ஒக்காந்தா நாலு மணி. எங்க பேர் மாதிரிதான்."

"நீங்க போனத் தொடக்கூடாது" என்றார் நிரஞ்சன்.

இருபத்தொன்பதாம் தேதி ஏழரைக்கு றொக்சன் ஜன்னலடியில் உட்கார்ந்தார். பிள்ளைக்காம்பராவில் இருந்தது பிள்ளைகளின் நாற்காலிதான். சிவப்புப் பிளாஸ்டிக், ஒரு முழ உயரம். முழங்கால் காதுக்கு வந்தது. பக்கத்தில் அதே உயரத்தில், மஞ்சள் நிறத்தில், அறிவு வளர்ச்சி முகாமையாளர். மூன்று நாளைக்கு எந்த மாடும் நோவு எடுக்கக்கூடாது என்று லயங்களுக்குச் செய்தி போயிற்று. மாடுகள் ஒத்துழைக்கவில்லை. ஆனால் ஆட்கள் மாடுகளை ஜன்னலுக்கு நடத்தி வந்தார்கள். றொக்சன் இடது கையால் ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையை ஜன்னல் வழியே நீட்டி மாட்டின் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். எழும்பாதவரைக்கும் விதி மீறல் இல்லை என்று நிரஞ்சன் அனுமதித்தார். முதல் நாள் எட்டரை.

இரண்டாம் நாள் மத்தியானம், குதிரை, பல்லி எல்லாம் தீர்ந்து, கறவை மாடு ஒன்று திரையில் வந்தது. கன்று போட்ட மாட்டுக்குக் கல்சியம் இறங்கிப் போவது பற்றிய பாடம். பேசியவர் இருமிக்கொண்டே பேசினார். படம் காட்டவில்லை, பகட்டும் இல்லை. விழுந்து கிடக்கும் மாட்டுக்கு நரம்பில் ஏற்றுங்கள். தள்ளாடினாலும் இன்னும் நிற்கிற மாட்டுக்கு நரம்பில் ஏற்றாதீர்கள், வாயால் கொடுங்கள். நிற்பதற்கு நரம்பில் ஏற்றினால் சட்டென்று கூடிப் பிறகு முன்னைவிடக் கீழே இறங்கும், மறுநாள் விழும் என்றார்.

றொக்சன் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். பதினாறு வருடமாக அவர் தள்ளாடும் மாட்டுக்கெல்லாம் நரம்பில்தான் ஏற்றியிருக்கிறார். மறுநாள் விழுந்தவற்றின் சொந்தக்காரர்களை, தீனி போடவில்லை என்று ஏசியும் இருக்கிறார்.

"கேட்டதத் திருப்பிக் கேட்டா கணக்குல சேராது டொக்டர்" என்றார் நிரஞ்சன்.

"தெரியும்" என்றார் றொக்சன். மாலை ஐந்தேகால் வரை இருந்து அந்த நேரத்தை ஈடு செய்து, கால் மணித்தியாலம் கூடவும் கேட்டார்.

மூன்றாம் நாள் இரண்டே முக்காலுக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. முப்பதுக்கு ஒரே ஒரு பாடம் மிச்சம். தலைப்பு: மிருக வைத்தியரின் மனநலம். பூச்சாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண்மணி மிக அமைதியான குரலில் பேசினாள். உங்களுக்கும் ஓர் எல்லை வேண்டும் என்றாள். முடியாது என்று சொல்லப் பழகுங்கள் என்றாள். மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள் என்றாள். அவள் வெளியே விடச் சொல்வதற்குள் வேலாயி ஜன்னலில் வந்து நின்றாள். அறுபது வயது. றொக்சன் மூக்கு ஒழுகித் திரிந்த காலத்தில் அடுத்த காம்பராவில் இருந்தவள்.

"தம்பி, செவப்பி நிக்க முடியாம ஆடுது. நேத்துதான் கன்னு போட்டுச்சி."

"படுத்திருச்சா?"

"இன்னும் இல்ல. நீ பரிச்ச எழுதி முடிக்கிறவரைக்கும் நில்லுடின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

றொக்சன் எழும்பினார். சிவப்பு நாற்காலி இடுப்போடு சேர்ந்து எழும்பியது. கழற்றிக் கீழே வைத்தார்.

"டொக்டர், எழும்பினா முடிஞ்சுது" என்றார் நிரஞ்சன். "அம்பத்தஞ்சு நிமிசம்தான். நாலு மணிக்கு நான் ரிப்போட் அனுப்போணும். கொழும்பு, இல்லாட்டி வீடு. ரெண்டுல ஒண்டு."

"வெளங்குது" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவர் வேலாயியின் பின்னால் இறங்கினார்.

கொட்டிலில் மாடு கால்களை அகட்டி நின்றது. காது சில்லென்று இருந்தது. றொக்சன் பழக்கத்தில் ஊசியையும் குழாயையும் வெளியே எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்ப உள்ளே வைத்துவிட்டு, வாயால் கொடுக்கும் போத்தலை எடுத்தார்.

"ஊசி இல்லியா? என்னா தம்பி, எம் மாட்டுக்கு ஊசிகூடப் போடமாட்டியா?"

"நிக்கிற மாட்டுக்கு நரம்புல ஏத்தக் கூடாது அக்கா. இத்தன வருசம் ஏத்தினேன். அதனாலதான் மறுநா விழுந்துச்சிங்க. நீங்க தீனி போடலன்னு கத்தினேன். தப்பு என்னோடது."

வேலாயி அவரைப் பார்த்தாள். "போன வருசம் கறுப்பிக்கும்?"

"ம்."

கறுப்பி விழுந்து எழும்பவே இல்லை. வேலாயி மாட்டின் தலையை இடுப்போடு அணைத்து, வாயைத் திறந்து பிடித்தாள். "மெதுவா ஊத்து" என்றாள்.

மேலே ஜன்னலில் அந்தக் கேள்வி எழும்பியது. நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?

கொழுந்து நிறுத்துவிட்டுப் பிள்ளையை எடுக்க வந்த லெட்சுமியும் தனுஷிகாவும் நிரஞ்சனைப் பார்த்தார்கள். திரையில் செக்கன் இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் தொடக்கூடாதுன்னீங்க" என்றாள் தனுஷிகா.

"ஆரும் தொடக்கூடாது. அது பிழை."

"சரிங்க சார்" என்றாள் லெட்சுமி. "அப்ப மூணுல ரெண்டுன்னு கொழும்புக்கு எழுதுங்க. பன்னெண்டு செக்கன் இருக்கு. எழுத்துக் கூட்டி எழுதுங்க."

ஏழு. ஆறு. நிரஞ்சன் கொழும்பை நினைத்தார். நூற்றுக்கு அறுபத்தாறு என்ற எண்ணை நினைத்தார். கை போய் அழுத்திவிட்டு வந்து பாக்கெட்டுக்குள் ஒளிந்துகொண்டது.

"ஆ, கை பழகிருச்சி" என்றாள் லெட்சுமி. "அடுத்த மாசம் எங்க மலைக்கு வாங்க, கொழுந்தும் பழகலாம்."

ஏழு நிமிடத்துக்குப் பிறகு அவர் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தே வைத்திருந்தார். மூன்றாம் தடவை, குனிந்து முதுகு வலிக்கிறது என்று சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்தாம் தடவை, சத்தம் போட்ட ஒரு பிள்ளையை உஸ் என்று அடக்கினார். பூச்சாடிப் பெண்மணி மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னபோது இழுத்தார், விடச் சொன்னபோது விட்டார்.

நாலுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது றொக்சன் மேலே வந்தார். முழங்கை வரை நுரையும் சாணமும். நிரஞ்சன் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை உயர்த்தினார்.

"பேசாதீங்க டொக்டர். ரெண்டாந்தரம் எழுதுறன்."

"மொதல் தரம் என்னா ஆச்சி?"

"நாப்பது" என்றாள் தனுஷிகா. "மூணாங் கேள்வில பிழ விட்டுட்டாரு. வைத்தியர் ஓய்வா இருக்கிற நேரத்துல மாட்டுக்காரர் கூப்பிட்டா என்னா செய்யணும்? ஏ, ஒடனே போகணும். பி, போகக் கூடாது. இவரு ஏ போட்டாரு."

"அதுதானே சரி?" என்றார் நிரஞ்சன்.

"இல்லைங்க சார். போகக் கூடாது. எல்லையோட இருக்கணும். அந்தப் பாடத்த நான் நவம்பர்லயே கேட்டுட்டேன்."

நிரஞ்சன் றொக்சனின் கைகளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பி-யை அழுத்தினார்.

"மாடு?" என்று கேட்டார், அடுத்த கேள்வியை வாசித்துக்கொண்டே.

"நிக்கிது. நாளைக்கு விடிஞ்சாத்தான் சொல்லலாம்" என்றார் றொக்சன். "தனு, கை கழுவச் சவுக்காரம் எங்க இருக்கு?"